பிள்ளையின் படிப்பும் கல்விக் கடனும்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நான் கல்விக்கு ஆகும் காசைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பரிசு வாங்கப் போகும் இந்தப் பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் கல்லூரி வாசலில் போய் நிற்பார்கள். அந்த வாசலில் "மதிப்பெண் எவ்வளவு?" என்று ஒருமுறை கேட்பார்கள். "பணம் எப்படிக் கட்டப் போகிறீர்கள்?" என்று பலமுறை கேட்பார்கள். முதல் கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

ஈப்போவில் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "ஐயா, கடன் வாங்கியா படிக்க வைக்கணும்? இப்பவே சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பிட்டா மாசா மாசம் காசு வருமே. படிச்சு முடிச்சும் வேலை கிடைக்கலன்னா அந்தக் கடனை யாருங்க கட்டறது?" இதை அறியாமை என்று நான் தள்ளிவிட மாட்டேன். கணக்குத் தெரிந்த தாய் கேட்கும் கேள்வி இது. அதற்குக் கணக்காகவே பதில் சொல்ல வேண்டும்.

கடன் என்றால் நம் மக்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. நம் பாட்டன் பூட்டன்மார் இந்த மண்ணில் கால் வைத்ததே கடனோடுதான். ஒப்பந்தக் கூலியாக வந்தவரும் சரி, கங்காணியின் கீழ் வந்தவரும் சரி, கப்பல் செலவும் முன்பணமும் பேரேட்டில் ஏறித்தான் வந்தார்கள். அந்தக் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு அசைய முடியாது. பிறகு மளிகைக் கடைக் கடன், கல்யாணக் கடன், சாவுக் கடன் என்று அது வளர்ந்தது. ஆகவே கடன் என்றாலே கால்விலங்கு என்று நம் இரத்தத்தில் ஊறிவிட்டது.

ஆனால் இதே பேரா மண்ணில் வேறொரு பாடமும் உண்டு. சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்களை உங்களுக்குத் தெரியும். சுதந்திரம் கிடைத்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தார்கள். அப்பொழுது, 1960ஆம் ஆண்டில், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பால்மரம் வெட்டும் தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டி, நூறு வெள்ளிப் பங்கு ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஆனார். அந்தப் பத்து பத்து வெள்ளிகள் சேர்ந்துதான் தோட்டங்களை வாங்கின. பணம் ஒருவனை அடிமையாகவும் ஆக்கும், உடைமைக்காரனாகவும் ஆக்கும். எந்தப் பணம், எந்த நிபந்தனையில், எதற்காக என்பதைப் பொறுத்தது அது. கல்விக் கடனையும் அப்படித்தான் எடைபோட வேண்டும்.

முதலில், கடனே இல்லாத வழிகளைப் பார்ப்போம். பலர் இதைப் பார்க்காமலேயே நேராகக் கடனுக்கு ஓடுகிறார்கள்.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை அரசாங்கப் பள்ளியிலேயே ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதலாம். வீட்டிலிருந்தே போய் வரலாம், செலவு மிகக் குறைவு. மெட்ரிகுலேஷனில் இடம் கிடைத்தால் அரசாங்கமே உதவித்தொகையும் கொடுக்கும். ஆசிரியராக விரும்பும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகங்கள் உள்ளன. நம் ஈப்போவிலேயே ஒன்று இருக்கிறது. பாலிடெக்னிக் பற்றிச் சொன்னால், நாட்டின் முதல் பாலிடெக்னிக்கே நம் ஊர்தான். உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969ஆம் ஆண்டில் ஈப்போவில் தொடங்கியது. அங்கே கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் நம் மாநிலத்திலேயே இருக்கும் அப்படிப்பட்ட ஓர் இடம். பொதுச் சேவைத் துறையின் உதவித் திட்டங்களும் உண்டு. அவற்றில் சில கடனாகத் தொடங்கி, பிள்ளையின் தேர்ச்சியையும் பிறகு செய்யும் பணியையும் பார்த்து உபகாரச் சம்பளமாக மாறக்கூடியவை. மித்ரா போன்ற அமைப்புகளும் அவ்வப்போது உதவிகளை அறிவிக்கின்றன. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கத் தயாராக இருப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

இரண்டாவது, கடன். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நாடுவது பி.டி.பி.டி.என். என்று சொல்லப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தை. 1997ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி அமைக்கப்பட்டது இது. அதில் தெரிந்துகொள்ள வேண்டிய சில விவரங்களை வரிசையாகச் சொல்கிறேன். தாய்மார்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: இது குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே. நீல அடையாள அட்டை இருக்க வேண்டும். சிவப்பு அட்டை வைத்திருக்கும் பிள்ளை, எத்தனை "ஏ" எடுத்தாலும் இந்தக் கதவு திறக்காது. தோட்டப் புறங்களில் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள், திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தாய் தகப்பன் விட்ட ஒரு பத்திரம் பதினெட்டு வருடம் கழித்துப் பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் பிள்ளை எஸ்.பி.எம். எழுதும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே பதிவு இலாகாவுக்குப் போங்கள்.

இரண்டு: எவ்வளவு கொடுப்பார்கள் என்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. எஸ்.டி.ஆர். என்னும் ரஹ்மா உதவித் தொகை வாங்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு உச்ச அளவு கடன் கிடைக்கும். அந்த உதவி வாங்காத, மாதம் 8,000 வெள்ளிக்கு உட்பட்ட வருமானம் உள்ள குடும்பத்துக்கு அதில் 75 விழுக்காடு. அதற்கு மேற்பட்டவர்களுக்கு 50 விழுக்காடு. ஆகவே தகுதியுள்ளவர்கள் அந்த எஸ்.டி.ஆர். விண்ணப்பத்தை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். கைக்கு வரும் ரொக்கம் ஒரு பக்கம் இருக்க, பிள்ளையின் கடனளவையும் அது தீர்மானிக்கிறது.

மூன்று: கடனுக்கு விண்ணப்பிக்கப் பிள்ளையின் பேரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். இது 2004ஆம் ஆண்டு முதல் நடக்கும் கல்விச் சேமிப்புத் திட்டம். கடைசி நேரத்தில் திறந்தால் அது வெறும் சடங்கு. இன்று முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குத் திறந்தால் அது உண்மையான சேமிப்பு. கணக்குப் பாருங்கள்: முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் படிவம் வரை 11 ஆண்டுகள், அதாவது 132 மாதங்கள். மாதம் 10 வெள்ளி போட்டால் 1,320 வெள்ளி. மாதம் 30 வெள்ளி போட்டால் 3,960 வெள்ளி. கிடைக்கும் லாபத்தை நான் சேர்க்கவில்லை. இது பட்டப்படிப்பு முழுவதற்கும் போதாதுதான். ஆனால் பதிவுக் கட்டணம், பஸ் செலவு, மெத்தை தலையணை, முதல் மாதச் சாப்பாடு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். கடன் பணம் அந்த வாரத்தில் கைக்கு வராது. கையெழுத்து, முத்திரை, சரிபார்ப்பு என்று நாளாகும். அந்த இடைவெளியில்தான் நம் குடும்பங்கள் அடகுக் கடைக்கும், அதைவிட மோசமான இடத்திற்கும் போகின்றன.

நான்கு: திருப்பிக் கட்டுவது எப்படி? தொடக்கத்தில் இக்கடனுக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடும், பின்னர் 3 விழுக்காடும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. 2008ஆம் ஆண்டிலிருந்து "உஜ்ரா" என்னும் முறையில் ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணமாக வாங்குகிறார்கள். ஒரு பிள்ளை 30,000 வெள்ளி வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 வெள்ளி. 15 ஆண்டுகளுக்கு 4,500 வெள்ளி. மொத்தம் 34,500 வெள்ளி. 180 மாதங்களில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 192 வெள்ளி. படிப்பு முடிந்த உடனே கட்டச் சொல்வதில்லை. வேலை தேட ஓராண்டு அவகாசம் உண்டு.

இப்பொழுது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். 2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் உள்ளவருக்கு மாதம் 192 வெள்ளி பெரிய சுமைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிப்ளோமாவோ பட்டமோ, கைத்தொழில் சான்றிதழோ பெற்று அதைவிட ஆயிரம் வெள்ளி கூடுதலாகச் சம்பாதிக்கும் பிள்ளைக்கு, அந்தக் கூடுதலில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு அது. ஆகவே "கடன் வாங்கலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்தப் படிப்பு அந்தக் கூடுதலைக் கொண்டு வருமா?" என்று கேளுங்கள். வரும் என்றால் கடன் ஒரு ஏணி. வராது என்றால் அது நான் முன்பு சொன்ன கால்விலங்கு.

படித்தும் வேலை கிடைக்காவிட்டால்? மறைந்து திரியக் கூடாது. கழகத்திற்கு எழுதி, கட்டுவதைத் தள்ளிப்போடவும், மாதத் தவணையைக் குறைத்து மாற்றியமைக்கவும் கேட்கலாம். வழி இருக்கிறது, கேட்பவருக்கு அது கிடைக்கும். கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் சொருகி வைப்பவருக்குக் கிடைக்காது.

பட்டப்படிப்பில் முதல் வகுப்பு ஹானர்ஸ் எடுக்கும் மாணவருக்குத் திருப்பிக் கட்டுவதிலிருந்தே விலக்கு பெறும் வாய்ப்பும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உண்டு. பிள்ளைகளே, இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் வாங்கப் போகும் பரிசு ஒரு புத்தகமோ கோப்பையோ. அங்கே கிடைக்கும் பரிசு பல ஆயிரம் வெள்ளி!

மூன்றாவதாக, மற்ற கடன்கள். பல்கலைக்கழகம் எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளை மின்சாரம், வெல்டிங், குளிர்சாதனம், மோட்டார் இயந்திரம் என்று சான்றிதழ் படிக்கலாம். அதற்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் என்னும் பி.டி.பி.கே. கடன் கொடுக்கிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது அது. நம் சமுதாயத்துக்குள்ளே, 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எம்.ஐ.இ.டி. என்னும் கல்வி மேம்பாட்டுக் கழகம் பல மாணவர்களுக்குக் கல்விக் கடன் கொடுத்திருக்கிறது. அதன் முயற்சியில்தான் கெடாவில் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகமும் எழுந்தது. இவற்றுக்கெல்லாம் விண்ணப்பிக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு? எப்பொழுது கட்டத் தொடங்க வேண்டும்? ஜாமீன் யார்? இந்தக் கடன் வாங்கினால் வேறு கடனோ உதவியோ வாங்கத் தடை உண்டா? இரண்டு இடத்தில் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்துப் பிறகு மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஜாமீன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மக்களுக்கு இளகிய மனம். "மாமா, ஒரு கையெழுத்து" என்றால் படிக்காமலே போட்டுக் கொடுத்துவிடுவோம். அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம், "அவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்பது. பிள்ளை வேலைக்குப் போய் முகவரி மாற்றிக்கொண்டால், கடிதம் மாமா வீட்டுக்குத்தான் வரும். கையெழுத்துக் கேட்பது தவறில்லை. கேட்டு வாங்கியவர் கடைசித் தவணை கட்டும்வரை அந்த மாமாவுக்குக் கடமைப்பட்டவர்.

அடுத்தது ஊழியர் சேமநிதி. 2024ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டது. அதில் செஜாத்ரா என்னும் கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். புதிதாகக் கட்டும் சந்தாவில் 15 விழுக்காடுதான் அந்தக் கணக்குக்குப் போகிறது. வட்டி இல்லாத பணம் என்று நினைத்து முழுவதையும் வழித்து எடுத்துவிடாதீர்கள். வயதான காலத்தில் தோட்டத்து வீடும் இருக்காது, மரம் வெட்டக் கையும் ஓடாது. பிள்ளைக்குக் கடன் கொடுக்க ஆள் உண்டு. ஓய்வுக் காலத்துக்குக் கடன் கொடுக்க யாரும் இல்லை. பற்றாக்குறைக்கு மட்டும் அதைத் தொடுங்கள்.

ஒருபோதும் தொடக் கூடாத கடன் ஒன்று உண்டு. விளக்குக் கம்பங்களில் தொலைபேசி எண்ணோடு ஒட்டி வைத்திருக்கிறார்களே, அந்த ஆலோங் கடன். மாதம் 10 விழுக்காடு என்று 5,000 வெள்ளி வாங்கினால் மாதம் 500 வெள்ளி வட்டி. ஓராண்டில் 6,000 வெள்ளி கட்டியிருப்பீர்கள், முதல் அப்படியே நிற்கும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட, சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வாங்கலாம். 30,000 வெள்ளிக்கு அது ஆண்டுக்கு 5,400 வெள்ளி. நான் முன்பு சொன்ன அரசாங்கக் கடனின் 15 ஆண்டுச் சேவைக் கட்டணம் 4,500 வெள்ளிதான். அங்கே பதினைந்து ஆண்டு, இங்கே ஒரே ஆண்டு. வித்தியாசத்தை நீங்களே பாருங்கள்.

எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் நாளில் கல்லூரி ஏஜெண்டுகள் வீடு தேடி வருவார்கள். "லோன் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்மா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்கள். எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடனைக் கட்டப் போவது ஏஜெண்டு அல்ல. அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. என்னும் தகுதி முகவாண்மையின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அந்த அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கடனும் வராது, முடித்தால் மதிப்பும் இராது. இணையத்தில் அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம். பார்க்கத் தெரியாவிட்டால் ஆசிரியர்களைக் கேளுங்கள். கடன் முழுக் கட்டணத்தையும் ஈடுகட்டுமா, மீதி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு ரசீது கிடையாது. பாதியில் படிப்பை நிறுத்தினால் பட்டம் வராது, கடன் மட்டும் நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு இரண்டே வார்த்தை. மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் நான் இவ்வளவு நேரம் சொன்ன கதவுகளில் பல திறக்காது. தமிழை நேசியுங்கள், மலாயையும் ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, கடன் வாங்கிப் படித்தால் கட்டுங்கள். ஒரு காலத்தில் கட்டாதவர்களை விமான நிலையத்தில் வெளிநாடு போக விடாமல் தடுத்தார்கள். 2018ஆம் ஆண்டில் அந்தத் தடையை நீக்கினார்கள். சட்டம் இறுகும், தளரும். நீங்கள் அதைப் பார்த்துக் கட்டாதீர்கள். நீங்கள் கட்டும் பணம்தான் அடுத்து வரும் பிள்ளைக்குக் கடனாகப் போகிறது. அந்தப் பிள்ளை இன்று இங்கே பாலர் வகுப்பில் உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருக்கலாம்.

பெரியோர்களே, பேரா மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்ன காலத்தில், எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று முதலாளி நினைத்தான். அதற்கு மேலே படிக்க வைத்தவர்கள் நம் தாய் தகப்பன்மார். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடாகவும் மாறிவிட்டன. பிள்ளைக்கு விட்டுச்செல்ல நமக்கு மரமும் இல்லை, லயத்து வீடும் இல்லை. படிப்பு ஒன்றுதான் விட்டுச்செல்ல முடிந்த சொத்து. அதற்காக வாங்கும் கடனைப் பயந்து ஒதுக்கவும் வேண்டாம், கண்ணை மூடி வாங்கவும் வேண்டாம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு ஒருநாள், இங்கே படித்துப் போன பழைய மாணவர்களை அழைத்து, விண்ணப்பப் பாரம் நிரப்ப உதவும் நாளாக வைக்க வேண்டும். இணைய வசதி பள்ளியில் இருக்கிறது. விவரம் தெரிந்த அண்ணன்மாரும் அக்காமாரும் ஊரில் இருக்கிறார்கள். மேசை நாற்காலி போட்டால் போதும். வழி தெரியாத காரணத்தால் இந்தப் பள்ளிப் பிள்ளை ஒருவர்கூடப் படிப்பை நிறுத்தினார் என்ற சொல் வரக் கூடாது.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், கற்பித்தவர்களுக்கும் என் பாராட்டுகள்.